பகலில் தூங்குகிறவர்களுக்கான வீடு

என் தையல் கடைக்கும் சாவி அண்ணனின் ஆபீசுக்கும் நடுவே இருப்பது ஒரு பலகைத் தடுப்பு. அந்தப் பக்கம் அவர் தும்மினால் இந்தப் பக்கம் எனக்கு ஊசியில் நூல் தவறும். அதனால் அந்த வீட்டுச் சமாசாரம் எல்லாம் உனக்கு எப்படித் தெரியும் என்று யாரும் கேட்க வேண்டாம். தெரியாமல் இருக்க வேண்டுமானால் நான் காதில் பஞ்சு வைத்துக்கொண்டுதான் தைத்திருக்க வேண்டும்.

அண்ணன் வீட்டு புரோக்கர். வாடகைக்கும் பிடித்துக் கொடுப்பார், விலைக்கும் முடித்துக் கொடுப்பார். இருபத்தெட்டு வருஷமாக அதே நாற்காலி. முதுகுக்குப் பின்னால் சுவர் அகலத்துக்கு ஒரு பலகை, அதில் வரிசையாக ஆணி, ஆணிக்கு ஒரு சாவிக்கொத்து. எதிலும் சீட்டு ஒட்டியிருக்காது. திரும்பிப் பார்க்காமல் கையை நீட்டி எடுப்பார், சரியான சாவியாக இருக்கும். அப்படி வந்ததுதான் அந்தப் பேர்.

அவர் மனைவியை நான் அண்ணி என்று கூப்பிடுவேன். பஸ் நிலையத்தில் விசாரணை ஜன்னலில் உட்கார்ந்திருப்பவர். காலை ஆறு மணியிலிருந்து பகல் இரண்டு மணிவரை டூட்டி. ஆபீசுக்கு மேல்மாடிதான் வீடு. இரண்டே காலுக்கு மாடிப்படியில் செருப்புச் சத்தம் கேட்கும். உடனே அண்ணன் ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டு மேலே போவார். நான் என் சாப்பாட்டு டப்பாவைத் திறப்பேன். எங்கள் மூன்று பேருக்கும் அந்தச் செருப்புதான் கடிகாரம். அவர்களுக்கு ஒரே மகள், வேறு ஊரில் வேலையில் இருந்தாள்.

அந்த வருஷம் மழைக்கு முந்தைய மாசம். புழுக்கம் என்றால் அப்படி ஒரு புழுக்கம், இஸ்திரிப் பெட்டி பக்கமே போக முடியவில்லை. பேன்ட் உயரம் குறைக்க ஒருவர் வந்தார். ஊருக்கு மாற்றலாகி வந்த பேங்க் ஆபீசர். அளவெடுக்கும்போது கேட்டார்:

"இந்தப் பக்கம் வாடகைக்கு வீடு ஏதாவது கிடைக்குமா?"

"பக்கத்துக் கதவைத் தட்டுங்க சார். இந்த ஊர்ல அவருக்குத் தெரியாத வீடே கிடையாது."

அவர் பக்கத்துக் கதவைப் பார்க்கவில்லை. போனை எடுத்தார். விரலால் தள்ளினார், தள்ளினார், தள்ளிக்கொண்டே இருந்தார்.

"வரலையே."

"எதுல வரல சார்?"

"தேடினா இதுல வரணுமே. ஆங், இருக்கு. ஏழாவது பக்கத்துல." சிரித்தார். "ஏழாவது பக்கம் வரைக்கும் யாருங்க போவாங்க?"

"நீங்க ஏழு அடி நடந்தாப் போதும் சார்."

"இல்லைங்க. முதல்ல ஒரு கம்பெனி வருது. அதுலயே பாத்துக்கறேன். இந்தக் காலத்துல போன்ல இல்லாதவங்களை எப்படி நம்பறது?"

நல்ல மனிதர்தான். மரியாதையாகத்தான் சொன்னார். ஆனால் தடுப்புக்கு அந்தப் பக்கம் நாற்காலி ஒரு தடவை கிரீச்சிட்டது.  அவர் போனபிறகு எட்டிப் பார்த்தேன். சாவிப் பலகையைப் பார்த்தபடி அண்ணன் உட்கார்ந்திருந்தார்.

"கேட்டியா டெய்லரு? நான் இல்லவே இல்லையாம்."

"அவரு கிடக்கறாரு விடுங்கண்ணே."

"இந்த மாசத்துல இது நாலாவது ஆளு. மத்த மூணு பேரு உள்ள வந்து உக்காந்து, என்னை எதிர்ல வெச்சுக்கிட்டே தேடினாங்க."

அவரிடம் வெப்சைட் இல்லாமல் இல்லை. போன வருஷம் அந்தத் தொழில் செய்கிற ஒருவர் வந்து போட்டுக் கொடுத்துவிட்டுப் போயிருந்தார். அதை யாராவது படித்துப் பார்த்தார்களா என்றால், இல்லை. போட்டவரே படித்திருக்க மாட்டார். முதன்முதலாகப் படித்தது அண்ணிதான், அன்றைக்குச் சாப்பாட்டு நேரத்தில். தைத்த ஜன்னல் திரையைக் கொடுக்க மேலே போயிருந்தேன். என்னையும் உட்காரவைத்து ஒரு தட்டு வைத்தார். ரொட்டி, வேகவைத்த முட்டை, உப்புத் தூவின தக்காளி. இடது கையில் போன், வலது கையில் ரொட்டி.

"'உங்கள் கனவு இல்லம் இங்கே. கனவு இல்லம் தேடுகிறீர்களா? கனவு இல்லத்துக்கு எங்களை அணுகுங்கள்.' ஏங்க, எண்ணிட்டேன். பதினேழு கனவு இருக்கு இதுல. இத்தனை கனவு கண்டா ஆளு எப்ப எழுந்திருச்சு வந்து வீட்டைப் பாக்கறது?"

"அப்படி நிறையத் தடவை போட்டாத்தான் மேல வருமாம். அவன் சொன்னான்."

"வந்துச்சா?"

அண்ணன் முட்டையை உரிப்பதில் மும்முரமானார்.

"அப்புறம் இந்தப் போட்டோ. நீச்சல் குளம், பின்னாடி கடல். இங்கேருந்து கடலுக்கு மூணு பஸ் மாறணுங்க. எனக்குத் தெரியாதா? தினம் நாலு பேருக்குச் சொல்றேன்." போனைத் திருப்பிக் காட்டினார். "போன் நம்பர் இங்க ஒண்ணு, கீழ ஒண்ணு. கீழ இருக்கறது நாம வெட்டிப் போட்ட லேண்ட்லைன். மேப்பைப் பாருங்க. ஆபீஸ் குளத்துக்கு நடுவுல இருக்கு. நீந்தித்தான் வரணும் உங்களைப் பாக்க."

நான் சிரித்துவிட்டேன். அண்ணன் சிரிக்கவில்லை. தட்டை நகர்த்தி வைத்தார்.

"நீயும் சிரி. ஊரே சிரிக்குது. மாடிக்காரரு காலையில வந்துட்டுப் போனாரு. தெரியுமா உனக்கு?"

மாடிக்காரர் என்பவருக்கு மூன்று தெருக்களில் பதினோரு வீடு. அண்ணன் தொழில் தொடங்கிய முதல் மாசத்திலிருந்து அவருடைய சாவி அத்தனையும் இந்தப் பலகையில்தான். அதில் ஐந்து இப்போது காலியாகக் கிடந்தது. மாசக் கடைசிக்குள் ஆள் வராவிட்டால் பதினோரு சாவியையும், போனில் முதலில் வருகிற அந்த வீட்டுக் கம்பெனியிடம் கொடுத்துவிடப் போவதாகச் சொல்லியிருந்தார். அந்தக் கம்பெனிக்காரர்களே அண்ணனிடமும் ஆள் அனுப்பியிருந்தார்கள்: கடையை மூடிவிட்டு எங்களிடம் வந்துவிடுங்கள், நீலச் சட்டை தருகிறோம், வீடு காட்டுகிற வேலை.

"நீலம் உங்களுக்கு நல்லாத்தான் இருக்கும்," என்றார் அண்ணி. அண்ணனின் முகத்தைப் பார்த்ததும் குரல் மாறியது. "சரி, கேளுங்க. இருபத்திரண்டு வருஷமா அந்த ஜன்னல்ல உக்காந்திருக்கேன். ஒருத்தராவது வந்து, 'நாப்பத்திரண்டாம் நம்பர் வண்டி எத்தனை மணிக்கு'ன்னு கேட்டிருக்காங்களா? நம்பர் தெரிஞ்சவங்களுக்கு என்கிட்ட என்ன வேலை? 'அப்பாவுக்குக் கால்ல கட்டு போட்டிருக்கு, படி தாழ்வா இருக்கற வண்டி எது?' 'ஆஸ்பத்திரிக்குப் போகணும், குழந்தைக்கு வாந்தி வருது, குலுக்காத வண்டி இருக்கா?' இப்படித்தான் கேப்பாங்க. இந்தப் போனும் ஒரு ஜன்னல்தான். இதுகிட்ட மட்டும் கனவு இல்லம் எங்கன்னா கேக்கப் போறாங்க?"

"வேற என்ன கேப்பாங்க?"

"அதைத்தான் எழுதணும். நான் எழுதறேன். நீங்க சொல்லுங்க."

"எனக்கு என்ன தெரியும்?"

"எல்லாம் தெரியும். வாயைத் திறந்தா நிறுத்த மாட்டீங்க."

மறுநாளே மகளிடம் போனில் பேசி, வெப்சைட்டுக்குள் நுழைகிற வழியைக் கேட்டுக்கொண்டார். "அம்மா, எதையாவது அழிச்சுடாத" என்று அவள் கத்தியது எனக்கே கேட்டது. அண்ணி முதல் காரியமாகப் பதினேழு கனவையும் அழித்தார். கடலை அழித்தார். போன் நம்பரை எல்லா இடத்திலும் ஒன்றாக்கினார். ஆபீசைக் குளத்திலிருந்து கரையேற்றி எங்கள் தெருவில் கொண்டுவந்து வைத்தார். அதற்கே நாலு நாளானது.

அதற்கப்புறம்தான் வீடு வீடாக நடை. இரண்டே காலுக்கு வருவார், அவசரமாக இரண்டு வாய் சாப்பிடுவார், மூன்று மணிக்கு ஒரு பழைய நோட்டுடன் கீழே இறங்குவார். அளவு நாடா வேண்டுமே என்று என்னிடம் கேட்டார். நாடாவைக் கொடுத்தவன், அதைக் கையில் பிடிக்க ஆள் வேண்டுமே என்று நானும் கூடப் போனேன். மெஷினுக்கு முன்னால் இருபது வருஷம் உட்கார்ந்த இடுப்புக்கு அது நல்லதாகவே இருந்தது.

அவர்கள் இரண்டு பேரும் வீடு பார்த்த விதத்தை நான் எங்கேயும் கண்டதில்லை. அண்ணன் கதவைத் திறந்துவிட்டு நடுக்கூடத்தில் நின்று பேச ஆரம்பிப்பார்.

"இங்க காலையில எட்டு மணிக்கு வெயில் வரும். பத்துக்குப் போயிடும். துணி காயாது. மாடியிலதான் காயப்போடணும்."

அண்ணி எழுதிக்கொண்டே குழாயைத் திறப்பார். "டெய்லரே, வாளி நிறைய எத்தனை நிமிஷம்னு பாருங்க."

"படி வளையற இடம் குறுகல். மூணு வருஷம் முன்னாடி ஒரு டாக்டரம்மா பீரோவைக் கயிறு கட்டி ஜன்னல் வழியா ஏத்தினாங்க," என்பார் அண்ணன்.

"அகலம் எவ்வளவு?"

நான் நாடாவைப் பிடிப்பேன். "முப்பத்தொண்ணு அங்குலம் அண்ணி."

"பெரிய கட்டில் ஏறாது. எழுதிக்கறேன்."

வாசலிலிருந்து பஸ் நிறுத்தத்துக்குக் கையில் காய்கறிப் பையோடு ஒரு தடவை நடந்து பார்ப்பார், பையில்லாமல் ஒரு தடவை. "பையோட நடந்தா ஒன்பது நிமிஷம். வீட்டுக்கு வர்றவங்க பையோடதானே வருவாங்க?" பள்ளிக்கூடம் விடுகிற நேரத்துக்கு ஜன்னலைத் திறந்துவைத்துக் கண்ணை மூடிக்கொண்டு நிற்பார். பக்கத்து வொர்க்‌ஷாப்பில் சுத்தியல் எத்தனை மணிக்கு ஓய்கிறது என்று கேட்டு வருவார். எங்கே போன் சிக்னல் விழவில்லை, எந்தச் சமையலறையில் குட்டையானவர்களுக்கு அலமாரி எட்டாது, எந்த வீட்டுக்காரருக்கு நாய் பிடிக்காது, எந்த மாடியில் இருமினால் கீழ்வீட்டில் கேட்கும், அத்தனையும் நோட்டில் ஏறியது. அந்த வீடுகளோடு அண்ணன் இருபத்தெட்டு வருஷம் குடும்பம் நடத்தியிருக்கிறார் என்பது எனக்கு அப்போதுதான் உறைத்தது. பேசப் பேச அவர் முதுகு நிமிர்ந்தது.

சாயங்காலம் மாடியில் அண்ணி பட்டாணி உரிப்பார், அண்ணன் கூட உரிப்பார், பேச்சு மட்டும் வீடுகளைப் பற்றி. அப்புறம் கிண்ணத்தைத் தள்ளிவைத்துவிட்டு அண்ணி டைப் அடிப்பார். ஒவ்வொரு வீட்டுக்கும் ஒரு பக்கம், ஒவ்வொரு தெருவுக்கும் ஒரு பக்கம். தலைப்பெல்லாம் ஜன்னலில் வந்து நிற்கிறவர் கேட்பதுபோல இருக்கும். 'மாடி ஏற முடியாதவர்களுக்குத் தரைத்தளத்தில் வீடு.' 'நாய் வளர்ப்பவர்களுக்கு வாடகைக்கு வீடு.' 'பெரிய கட்டில் உள்ளே போகிற வீடு.' 'பகலில் தூங்குகிறவர்களுக்கான வீடு.'

"கடைசியா ஒண்ணு வெச்சியே, அது யாருக்கு?" என்றார் அண்ணன்.

"ராத்திரி வேலை பாக்கறவங்களுக்கு. என் முதல் வண்டிக்கு வர்ற ஜனங்கள்ல பாதிப் பேரு தூங்கத்தாங்க போறாங்க. நர்ஸ், காவல்காரங்க, பேப்பர் அச்சடிக்கறவங்க. கண்ணு ரெண்டும் ரத்தமா இருக்கும். அவங்களுக்குன்னு யாரு வீடு காட்டறாங்க?"

சண்டை வந்தது மாடிக்காரருடைய மூன்றாம் நம்பர் வீட்டில். பின்னறைச் சுவரில் அண்ணி உள்ளங்கையை வைத்துப் பார்த்தார். நோட்டில் எழுதினார். அன்று சாயங்காலம் மாடியில் குரல் உயர்ந்தது.

"'மழைக்காலத்தில் பின்னறையில் ஈரம் வரும். இழுப்பு உள்ளவர்களுக்கு ஏற்றதல்ல.' இதையா போடுவ? நாம வீடு விக்கறவங்களா, இல்ல வர்றவங்களை விரட்டறவங்களா?"

"ஈரம் வருமா, வராதா?"

"வரும். அதுக்காக? வந்து பாக்கறவங்ககிட்ட நான் வாயால சொல்லிக்குவேன்."

"சொல்லுவீங்க. நீங்க சொல்லாம விட்டதில்ல. அதனாலதான் உங்களை நான்..." என்று ஆரம்பித்தவர் நிறுத்திக்கொண்டார். "வாயால சொல்றதை எழுத்துல சொல்ல என்ன பயம்? அதே வார்த்தைதானே?"

அண்ணன் கீழே வந்து என் கடையில் உட்கார்ந்து ஒரு டீ குடித்தார். இரண்டாவது டீ குடித்தார். அப்புறம் எழுந்து மேலே போனார். அந்த வரி பக்கத்தில் ஏறிவிட்டது.

மாடிக்காரர் வந்தது மழையின் முதல் நாள். குடையை மடக்கக்கூட இல்லை, ஆபீசுக்குள் விரித்தபடியே நின்று கத்தினார். தடுப்பு அதிர்ந்தது.

"என் வீட்டுல ஈரம்னு ஊருக்கே தம்பட்டம் அடிச்சிருக்கீங்க! என் உப்பைத் தின்னுட்டு எனக்கே குழி தோண்டறீங்களா? இப்பவே எடுக்கணும்!"

நான் வாசலில் போய் நின்றேன். அண்ணி டூட்டியிலிருந்து இன்னும் வரவில்லை. எடுத்துவிடுகிறேன் சார், அவளுக்கு ஒன்றும் தெரியாது என்று அண்ணன் சொல்வார் என்றே நினைத்தேன். சொன்னாலும் குற்றமில்லை, பதினோரு சாவி.

அண்ணன் எழுந்து நின்றார். "சார், அந்தச் சுவர்ல ஈரம் உண்டா, இல்லையா?"

"அதைப் பத்திப் பேச்சில்ல!"

"அதைப் பத்தித்தான் சார் பேச்சு. எழுதினது என் வீட்டுக்காரி. கையை வெச்சுப் பாத்துட்டுத்தான் எழுதினாங்க. நீங்க சுவரைச் சரி பண்ணுங்க, அவங்களே அந்த வரியை மாத்துவாங்க. அதுவரைக்கும் மாத்த முடியாது."

"அப்ப என் சாவியைக் குடு."

அண்ணன் திரும்பவில்லை. வழக்கம்போல் கையை மட்டும் பின்னால் நீட்டி, ஒவ்வொன்றாக எடுத்து மேஜையில் வைத்தார். பதினொன்று. ஒன்றுகூடத் தப்பவில்லை. அவர் போனபிறகு பலகையில் வெறும் ஆணிகள் பல்வரிசை மாதிரி நின்றன. அண்ணி நனைந்துகொண்டு வந்து பலகையைப் பார்த்தார், அண்ணனைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். நான் நடந்ததைச் சொன்னேன், அண்ணன் பேசியதை வரி பிசகாமல் சொன்னேன். அண்ணி தலையில் போட்டிருந்த துண்டைப் பிழிந்து உதறி, அண்ணனின் நாற்காலி முதுகில் காயப்போட்டுவிட்டு மேலே போனார். கொஞ்ச நேரத்தில் மேலேயிருந்து ரொட்டி வாட்டுகிற வாசனை வந்தது.

அடுத்த ஐந்து வாரம் மழைதான். ஷட்டர் துருப்பிடித்தது. தினம் காலையில் அண்ணன் தடுப்பைத் தட்டுவார்.

"டெய்லரு, எத்தனாவது பக்கம்?"

நான் என் போனில் தேடுவேன். "ஏழுண்ணே."

மறுநாள். "ஏழு." அதற்கு மறுநாள். "எட்டுண்ணே." அன்றைக்குப் பூராவும் என்னோடு பேசவில்லை, நானே தள்ளிவிட்டதுபோல.

யார் என்ன டைப் அடித்து உள்ளே வந்தார்கள் என்று காட்டுகிற ஒரு பக்கம் இருந்தது. அண்ணி அதைத் தினம் பார்ப்பார். முதல் வாரம் மூன்றே பேர். அதில் ஒருவர் தேடி வந்தது, 'சாவி தொலைந்துவிட்டது என்ன செய்வது'. அண்ணன் தலையில் கை வைத்துக்கொண்டார். அண்ணிக்குச் சிரிப்பு அடங்கவில்லை.

"டைம் போர்டை மாத்தி எழுதினா மறுநாளே ஜனம் பழகிடுமாங்க? கொஞ்ச நாள் பழைய நேரத்துக்கே வந்து நிப்பாங்க. அப்புறம்தான் ஒருத்தருக்கொருத்தர் சொல்லிக்குவாங்க."

எனக்கு ஒரு யோசனை வந்தது. "அண்ணி, அந்த நட்சத்திரம் போட்டுப் பாராட்டி எழுதற இடம் இருக்குல்ல? எங்க வீட்டுல மூணு போன் இருக்கு. நானே வேற வேற பேருல எழுதிடறேன்."

"நீங்க எங்ககிட்ட வீடு எடுத்தீங்களா டெய்லரே?"

"இல்ல."

"அப்ப எதுக்கு எழுதறீங்க?"

அதோடு என் யோசனை முடிந்தது. நம்மிடம் உண்மையிலேயே வீடு எடுத்துக் குடியிருப்பவர்களிடம் கேளுங்கள் என்று அண்ணி சொன்னதற்கு, அண்ணன் கூச்சத்தில் நெளிந்தார். "என்னைப் பத்தி நல்லதா நாலு வார்த்தை எழுதுங்கன்னு நானே போய்க் கேக்கறதா?" அண்ணிதான் போனார். குடையைப் பிடித்துக்கொண்டு வீடு வீடாக. நல்லதாக எழுதுங்கள் என்று கேட்கவில்லை, நடந்ததை எழுதுங்கள் என்றுதான் கேட்டார். 'குழாய் உடைந்தபோது ஞாயிற்றுக்கிழமை தானே வந்து நின்றார்' என்று ஒருவர். 'பேச்சு அதிகம். ஆனால் பொய் இல்லை' என்று இன்னொருவர். அண்ணன் அந்த இரண்டாவதை என் கடையில் நின்று மூன்று தடவை படித்தார். "பேச்சு அதிகமாமே," என்றார். ஆனால் போனை மட்டும் கீழே வைக்கவில்லை.

எட்டு ஐந்தானது. ஐந்து நான்கானது. அப்புறம் ஒரு செவ்வாய்க்கிழமை காலையில் அண்ணனின் போன் அடித்தது.

"பகல்ல தூங்கறவங்களுக்கு வீடுன்னு போட்டிருக்கீங்களே, அது நெஜமா?" பெண்குரல், களைத்த குரல்.

"நெஜம்மா. எப்ப வர்றீங்க?"

"இப்பவே. வேலை முடிஞ்சு நேரா வர்றேன்."

ரொட்டி சுடும் இடத்தில் வேலை பார்க்கிறவர். நாற்பது வயதிருக்கும். முழங்கையில் மாவு காய்ந்து ஒட்டியிருந்தது. மழை சற்று விட்டிருந்ததால் நானும் கூடப் போனேன். பின்தெருவின் கடைசி வீடு, முதல் மாடி, பின்பக்க அறை. மணி பதினொன்று. அந்த அம்மா அறை நடுவில் நின்று கேட்டுப் பார்த்தார்.

"இப்ப இருக்கற வீட்டுல ரெண்டு வருஷமா நான் தூங்கலைங்க. கீழ வெல்டிங் பட்டறை. எல்லாரும் அமைதியான வீடுன்னுதான் சொல்லிக் காட்டறாங்க. சாயங்காலத்துல காட்டறாங்க."

"நம்பாதீங்கம்மா," என்றார் அண்ணன். "நான் சொல்றதையும் நம்பாதீங்க. படுத்துப் பாருங்க."

"இங்கயா?"

"தரையைப் பெருக்கித்தான் வெச்சிருக்கேன். நாங்க வெளிய படியில உக்காந்திருக்கோம்."

அந்த அம்மா கைப்பையைத் தலைக்கு வைத்து வெறுந்தரையில் படுத்தார். நாங்கள் கதவைச் சாத்திவிட்டுப் படியில் உட்கார்ந்தோம். ஐந்து நிமிஷம், பத்து நிமிஷம். கால்மணி நேரத்தில் உள்ளேயிருந்து மெல்லிய குறட்டைச் சத்தம் வந்தது. அண்ணன் என்னைப் பார்த்தார். அவர் முகத்தில் அப்படி ஒரு பெருமையை அதற்கு முன் நான் பார்த்ததில்லை, மகள் பாஸ் செய்த அன்றைக்குக்கூட. கீழே யாரோ சைக்கிளை ஸ்டாண்ட் போட்டார்கள். அண்ணன் எட்டிப் பார்த்து உதட்டில் விரல் வைத்தார். ஒரு மணி நேரம் அந்தப் படியில் காவல் இருந்தோம். மேல்வீட்டு அம்மா துணி காயப்போட வாளியோடு வந்தார். அவரிடம், வாளியை ஓசையில்லாமல் தூக்கிக்கொண்டு போகச் சொன்னார் அண்ணன்.

கதவு திறந்தபோது அந்த அம்மாவின் கன்னத்தில் கைப்பை வார் அச்சு விழுந்திருந்தது. "சாவி எங்க?" என்று மட்டும் கேட்டார்.

அவர் அதைப் பற்றி எழுதினார். நான்கே வரி. படுத்துத் தூங்கிப் பார்க்கச் சொன்ன புரோக்கர் என்று. அது எப்படியோ கைமாறிக் கைமாறிப் போனது. ஆஸ்பத்திரி நர்ஸ்கள் இரண்டு பேர் வந்தார்கள். கண் தெரியாத ஒருவர், படிகளின் எண்ணிக்கை எழுதியிருந்ததால் வந்தார். இரண்டு பேர் பிடிக்க வேண்டிய அளவுக்குப் பெரிய நாயோடு ஒரு குடும்பம் வந்தது. அண்ணன் வெறும் ஆணிகளில் புதுச் சாவிகளை மாட்ட ஆரம்பித்தார். எங்கள் வீட்டையும் நேரில் பார்த்து எழுதுங்கள் என்று வீட்டுக்காரர்களே வந்தார்கள்.

மழைக்காலம் முடிகிற சமயம், ஒரு வியாழக்கிழமை காலை, மாடிக்காரர் வாசலில் வந்து நின்றார். குடையை வெளியிலேயே மடக்கி வைத்துவிட்டு உள்ளே வந்தார். மேஜையில் சாவிகளை வைத்தார்.

"மூணாம் நம்பர்ல ரெண்டு குடும்பம் வந்து, ரெண்டு குடும்பமும் ஓடிருச்சு. சின்னக் குழந்தைக்கு இழுப்பு வந்து ஆஸ்பத்திரியில சேத்தாங்க. எனக்கு ரெண்டு நாள் சாப்பாடு இறங்கல." தொண்டையைச் செருமினார். "சுவரை உடைச்சுப் புதுசாப் பூசிட்டேன். எழுதச் சொல்லு."

"எழுதறது நான் இல்ல சார். இன்னிக்குப் பூரா மழை இருக்குன்னாங்க. சாயங்காலம் வந்து கை வெச்சுப் பாப்பாங்க. காஞ்சிருந்தா எழுதுவாங்க."

"காஞ்சுதான் இருக்கு!"

"அப்ப பயம் எதுக்கு சார்?"

மாடிக்காரருக்கு முதலில் கோபம் வந்தது, அப்புறம் சிரிப்பு வந்தது. "என் மாப்பிள்ளை வேற ஊர்லேருந்து தேடிப் பாத்திருக்கான். சும்மா 'வாடகைக்கு வீடு'ன்னு போட்டு நம்ம ஊர்ப் பேரைப் போட்டா, முதல்ல வர்றது நீங்கதானாம். கம்பெனி உங்களுக்குக் கீழ இருக்காம். அதைச் சொல்லிட்டுப் போகலாம்னுதான் வந்தேன்."

அண்ணன் நம்பவில்லை. அவர் போனதும் தடுப்பைத் தட்டினார். நான் தேடினேன். என் போன் பொய் சொல்கிறதென்று டீக்கடைக்காரர் போனில் பார்க்கச் சொன்னார். தெருவில் போன தபால்காரரை நிறுத்தி அவர் போனிலும் பார்க்கச் சொன்னார். எல்லாவற்றிலும் ஒன்றுதான். முதல் பக்கம், முதல் வரி.

"கிளம்பு," என்றார் அண்ணன்.

"எங்கண்ணே?"

"அவகிட்ட சொல்ல வேணாமா?"

"ரெண்டே காலுக்கு வந்துடுவாங்களே."

"ரெண்டே கால் வரைக்கும் யாரால இருக்க முடியும்?"

இரண்டு கடையையும் மூடிவிட்டு மழையில் பஸ் ஏறினோம். விசாரணை ஜன்னலுக்கு முன்னால் நீளமாக ஆட்கள் நின்றார்கள். கண்ணாடிக்குப் பின்னால் கண்ணாடி போட்ட அண்ணி. நான் பக்கவாட்டில் போய்க் கையாட்டலாம் என்றேன். அண்ணன் என் கையைப் பிடித்து இழுத்தார். "வரிசையில நிப்போம்."

கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் அவர் அந்த ஜன்னலுக்கு முன்னால் நின்றதில்லை என்று அப்போதுதான் சொன்னார். எங்களுக்கு முன்னால் பதினான்கு பேர். காது கேட்காத ஒரு பெரியவருக்கு அண்ணி அட்டையில் எழுதிக் காட்டினார். அழுதுகொண்டிருந்த ஒரு பெண்ணிடம், எந்த வண்டி என்று கேட்பதற்கு முன் தண்ணீர் பாட்டிலை நீட்டினார். ஒருவர் கேட்ட ஊருக்கு வண்டியே இல்லை. இல்லை என்பதையும், இறங்கி நடந்தால் எவ்வளவு தூரம், வழியில் எங்கே மழைக்கு ஒதுங்கலாம் என்பதையும் சேர்த்துச் சொன்னார். அண்ணன் ஒவ்வொரு பதிலையும் கேட்டபடி ஓரடி ஓரடியாக நகர்ந்தார். பின்னால் நின்ற மூட்டைக்காரரிடம் திரும்பி, "அது என் வீட்டுக்காரி," என்றார். மூட்டைக்காரர் மூட்டையைத் தோள் மாற்றிக்கொண்டு, "நல்லவங்க," என்றார்.

எங்கள் முறை வந்தது. அண்ணி நிமிரவில்லை. போனவருக்கான நேரத்தை எழுதி முடித்துக்கொண்டே கேட்டார்:

"சொல்லுங்க, எங்க போகணும்?"

அண்ணன் ஜன்னல் விளிம்பைப் பிடித்துக்கொண்டார்.

"எங்கயும் போக வேணாம். வந்து சேந்துட்டோம். முதல் பக்கம், முதல் வரி."

அண்ணி நிமிர்ந்தார். முதலில் அண்ணனைப் பார்த்தார். அப்புறம், ஈரச் சட்டையோடு பின்னால் நின்று பல்லைக் காட்டிக்கொண்டிருந்த என்னைப் பார்த்தார். மூக்குக் கண்ணாடியைக் கழற்றிப் புடவைத் தலைப்பில் துடைத்தார், மறுபடி போட்டுக்கொண்டார். ஒரு நிமிஷம் அந்த ஜன்னலில் விசாரணை நின்றுபோனது.

"சரி," என்றார். "தள்ளி நில்லுங்க. பின்னால ஆள் நிக்கறாங்க."

அண்ணன் தள்ளி நின்றார். தூணில் சாய்ந்துகொண்டு, இரண்டு மணி அடிக்கிறவரை, கேட்டவருக்கும் கேட்காதவருக்கும் அந்த ஜன்னலைக் காட்டிக்கொண்டே நின்றார்.